அப்பாவின் பிரவுசரில் கோடு வளைகிறது

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். மெயிலில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து அறையில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அப்பா உன் தட்டையும் சேர்த்து எடுத்துக் கழுவி வைத்தார். லீவு முழுக்கச் சமர்த்தாக இருந்துவிட்டுக் கடைசி நாளில் உன் வேலையைக் காட்டிவிட்டாய். அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு பேச்சு கேட்காமல், அவர் கம்ப்யூட்டரில் இருந்த மஞ்சள் கதவை அழித்துவிட்டு உங்கள் கம்பெனியின் பச்சை இலையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இந்த வீட்டில் யாருக்கும் பிரவுசரின் பெயர் தெரியாது. படத்தை வைத்துத்தான் பேச்சு. மஞ்சள் கதவு என்றால் அப்பாவுடையது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

காலையில் எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு அந்தக் கதவைத் திறந்து சுடோகு போடுவார். பிறகு செய்தி. பிறகு யாரோ பாலம் கட்டுகிற வீடியோ. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு அலுவலகம் அதுதான். நீ அலுவலகத்தையே இடித்துவிட்டாய்.

நூலகத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எந்த பிரவுசரை யார் எதற்காகத் திறக்கிறார்கள் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி வருவாள். அவள் மகன் முதன்முதலில் எதைத் திறந்து காட்டினானோ அதைத்தான் இன்றைக்கும் திறப்பாள். மகனோடு பேச்சுவார்த்தை இல்லை, ஆனாலும் அதைத்தான் திறப்பாள். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர், "இது என்னை வேவு பாக்குதும்மா" என்று ஒன்றை ஒதுக்கிவிட்டு, அதைவிட மோசமாக வேவு பார்க்கிற இன்னொன்றைத் திறப்பார். ஒரு தையல்காரம்மாவுக்கு, எதைத் திறந்தால் மேலே தன் பேர் தெரிகிறதோ அதுதான் நல்லது. யாரும் வேகத்தைப் பார்ப்பதில்லையடா. நீ மேஜையில் குத்திக் குத்திச் சொன்னாயே, வேகம், பாதுகாப்பு என்று. ஒருத்தரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மஞ்சள் கதவைத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது என்று எழுது. மற்ற ஞாயம் எதுவும் எனக்கு வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

ஞாயம் வேண்டாம் என்றால் நான் எதைத்தான் எழுதுவது? இருந்தாலும் எழுதுகிறேன்.

மஞ்சள் கதவைச் செய்தவர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. அப்பா அதில்தான் பேங்க் கணக்கைத் திறக்கிறார். பூட்டு இல்லாத கதவை வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீ அதை அலுவலகம் என்கிறாய்.

இதுதான் காரணமா என்று நீ கேட்பாய். இல்லை, இது மட்டும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தளத்தில் சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இந்த நிமிடம் உலகத்தில் எத்தனை பேர் பச்சை இலையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அதில் ஒரு நம்பர் ஓடும். நான் சேர்ந்த புதிதில் அது ஏறிக்கொண்டிருந்தது. இப்போது இறங்குகிறது. கேன்டீனுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் யாரும் போக மாட்டோம். ஐ.சி.யு. வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரிதான். லீவுக்கு வந்தபோது அப்பாவிடம்கூடச் சொன்னேன். "அப்படியா"ன்னு கேட்டுக்கொண்டு மஞ்சள் கதவைத் திறந்தார்.

ஒரு மீட்டிங்கில் மேலாளர் கேட்டார், "உங்க வீட்டுல எல்லாரும் நம்மளோடதைத்தானே வெச்சிருக்காங்க?" எல்லாரும் கை தூக்கினார்கள். பாதிப் பேர் சொன்னது பொய். நான் ஒருத்தன் மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்: "எங்கப்பா மஞ்சள் கதவு." சிரித்தார்கள் பார், இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு அதுவே பேராகிவிட்டது. "என்ன மஞ்சக் கதவு, சாப்பிட்டாச்சா?"

மக்கள் ஏன் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு வருவதில்லை என்று நாங்களும் ஒரு சர்வே எடுத்தோம். பக்கம் பக்கமாகக் கேள்வி. வந்த பதிலைச் சுருக்கினால் ஒரே சொல்: "பழகிடுச்சு." ஒரு பக்கம் கண் இமைக்கிற நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக உயிரை விடுகிறோம். அவர்கள் பழகிடுச்சு என்கிறார்கள். உன் நர்ஸும் தையல்காரம்மாவும் சொல்வது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டே இந்த வேலையைச் செய்வதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். "நல்லாத்தான் இருக்குடா"ன்னு அவர் வாயால் சொன்னார். உனக்குத்தான் பிரச்சினை.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன்னிடம் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னவர் என்னிடம் என்ன சொல்கிறார் தெரியுமா? "சின்னவன் வெச்சதுல கோடு வளையுதும்மா."

சுடோகுக் கட்டத்தில் நடுவில் ஓடுகிற கோடு நேராக இல்லையாம். தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளிகிறதாம். நடுக் கட்டத்தில் இருக்கிற எண் சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லையாம். நான் போய்ப் பார்த்தபோது எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் எனக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? வேலை பார்த்த நாள் முழுக்கக் கட்டட பிளான் வரைந்தவர் அவர். ஒரு தலைமுடி அளவு சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிறவர். நம் வீட்டுக் கதவு நிலை சாய்ந்திருக்கிறது என்று கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டு வம்பு பண்ணியது நினைவிருக்கிறதா? அந்தக் கண் சொல்கிறது, உங்கள் பிரவுசரில் கோடு வளைகிறது என்று. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகக் கோடு போட்டு அழகு பார்க்கிறீர்கள் அல்லவா, அதன் லட்சணம் இதுதான்.

மரியாதையாக ஒத்துக்கொள். அவரைச் சமாளிக்கச் சொல்லாதே, உன் சாமானைச் சரி செய்.

வீட்டில் வேறு விசேஷமில்லை. நான் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டம்மா தினமும் ஞாபகப்படுத்துகிறாள். அதற்கும் ஒரு அப்டேட் இருந்தால் அனுப்பு.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

உன் மெயில் வந்த அன்றே அதை முறைப்படி ஒரு புகாராக எங்கள் பட்டியலில் ஏற்றினேன். பிரவுசரில் கோளாறு தேடுகிற சோதனைக்காரனான நானே புகார் கொடுத்து, நானே சோதித்தேன். அப்பாவிடம் இருக்கிற அதே மாதிரிப் பழைய கம்ப்யூட்டர், அதே அளவுத் திரை, அதே சுடோகு பக்கம். பெரிசாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் அக்கா. எந்தக் கோடும் வளையவில்லை. எந்த எண்ணும் காணாமல் போகவில்லை. பக்கத்து சீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் நேராகத்தான் தெரிந்தது.

அப்படி வந்தால் புகாரின் கீழே ஒரு வாக்கியம் எழுதி மூடிவிடுவோம்: 'மீண்டும் நிகழவில்லை.' எழுதி மூடிவிட்டேன்.

இப்போது நான் ஒன்று சொல்லட்டுமா, கோபப்படாமல் கேள். அப்பாவுக்கு என் கோடு எப்போதுமே நேராகத் தெரிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்காக ஒரு பாலம் வரைந்தேன், பெரிய சார்ட்டில். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது. அவர் அதை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார், பென்சிலை எடுத்து ஓரத்தில் 'கோணல்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் அதை அப்படியே கண்காட்சியில் வைத்தேன், அந்த எழுத்தோடு. இப்போது பிரவுசர். போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடமும் "கோடு வளையுதுடா" என்றார். நான் எது செய்தாலும் அதில் கோணல் இருக்கும். மற்றவன் செய்த மஞ்சள் கதவில் ஓட்டையே இருந்தாலும் அது நேர்.

இதைப் புகாராக எடுத்துக்கொள்ள முடியாது. இது அவருடைய சுபாவம். நீயும் ஒத்து ஊதாதே.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

வேலை முடிந்தது. நீ சொல்லித்தராவிட்டால் எனக்கு ஆள் இல்லையா? நூலகத்துக்கு வருகிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்து மஞ்சள் கதவைத் திரும்ப வைத்தாகிவிட்டது. பச்சை இலையை அழிக்கவில்லை, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. எனக்கு உன்னை மாதிரி பிறத்தியார் சாமானை அழிக்கிற பழக்கம் இல்லை.

"அப்பா, இனிமே கோடு வளையாது, பாருங்க. எல்லாம் அந்த பிரவுசரால வந்த வினை"ன்னு சொல்லி உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆங்... இப்ப நேரா இருக்கு" என்றார். கேட்டுக்கொள். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். உன் மனசு நோகுமாம். நான் சொல்லிவிட்டேன், உன் மனசு கொஞ்சம் நோகட்டும்.

ஆனால் நீ பண்ணின வேலையில் அவருக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போய்விட்டது. கதவு திரும்ப வந்தும் சுடோகு போடுவதில்லை. திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். ரேடியோதான் கேட்கிறார். அறையில் வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றினார், பிறகு அதையும் மாற்றினார். உன் மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் என் காதைப் பார்த்துப் பேசுகிறார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால்கூடக் கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருகிறார்.

அம்மா இருந்திருந்தால் உங்கள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தையில் அடக்கியிருப்பாள். எனக்கு அந்தக் குரல் இல்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வாழ்த்துகள். ஜெயித்துவிட்டாய்.

ஒன்றே ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "உன்னோட இலையைத்தான்டா தினமும் திறக்கிறேன். பழகிடுச்சு." என் சர்வேயில் வந்த அதே சொல். போனை வைத்துவிட்டு அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. மறுபடியும் உன் மெயிலை எடுத்துப் பார்த்தேன்.

அப்படியானால் நம் இரண்டு பேரில் ஒருத்தரிடம் அவர் பொய் சொல்கிறார். யாரிடம் என்று எனக்குத் தெரியும். நீ கூடவே இருக்கிறாய், நான் தூரத்தில் இருக்கிறேன். தூரத்தில் இருக்கிறவனிடம் சொல்வதுதான் சுலபம். கொஞ்ச நாளைக்கு நான் போன் பண்ணப்போவதில்லை. கேட்டால் வேலை அதிகம் என்று சொல்.

உண்மையில் வேலை குறைவு. சுவரில் ஓடுகிற நம்பரைப் பார்க்க இப்போது யாரும் தலை நிமிர்வதில்லை. எங்கள் டீமைக் கலைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உட்கார்ந்து படி. சண்டைக்காக எழுதவில்லை.

மாடி வீட்டுக்காரர் ஒரு புத்தக அலமாரி செய்ய வேண்டும், ஒரு படம் போட்டுக் கொடுங்கள் என்று அப்பாவைக் கேட்டிருந்தார். அப்பாவும் ரொம்ப நாள் கழித்துப் பலகையை எடுத்து வைத்து, பென்சில் சீவி, மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் குப்பையைக் கொட்டப் போனேன். தொட்டிக்குள் அவருடைய ஸ்டீல் ஸ்கேல் கிடந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியது. சின்ன வயதில் நாம் அதைத் தொட்டால் கையில் அடி விழும், ஞாபகம் இருக்கிறதா? அதைக் குப்பையில் போட்டிருந்தார்.

எடுத்துக் கழுவிக்கொண்டு போய், "ஏம்பா இதைத் தூக்கிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வளைஞ்சு போச்சும்மா. மேல ஏதோ விழுந்திருக்கு போல."

நான் அதைக் கண்ணாடி மேஜை மேல் கிடத்திப் பார்த்தேன். ஒரு பேப்பர்கூட அடியில் நுழையவில்லை.

"நேராத்தானப்பா இருக்கு."

கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தில் விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். விரலுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. நேராத்தான் இருக்கு" என்றார்.

கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா ஒரு அட்டையைக் கொடுத்தாள். அதில் இருந்தது வெறும் கட்டம், நம் சுடோகு மாதிரியே, எண் மட்டும் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்கச் சொன்னாள். இடது கண்ணில் நடுவில் கட்டமே இல்லை என்றார் அப்பா. வலது கண்ணில் கோடு வளைகிறது என்றார். விழித்திரையின் நடுவில் ரத்தக் கசிவாம். வயசானவர்களுக்கு வருமாம். கோடு வளைந்து தெரிவதுதான் முதல் அறிகுறியாம். அந்தச் சமயத்திலேயே வந்து ஊசி போட ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம். இடது கண்ணில் தழும்பாகிவிட்டது, அதற்கு இனி ஒன்றும் இல்லை. வலது கண்ணுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள்.

"எப்பலேர்ந்து இப்படித் தெரியுது?" என்று கேட்டாள்.

அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "பிரவுசர் மாத்தினதுலேர்ந்து."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான்தான் விளக்க வேண்டியிருந்தது. தம்பி ஒரு பிரவுசர் வைத்தான், அதில் கோடு வளைகிறது என்று அப்பா சொன்னார், நான் தம்பியைத் திட்டினேன், தம்பி சோதித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றான், நான் பழைய பிரவுசரைக் கொண்டுவந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் கேட்கச் சகிக்கவில்லை. "இவ்ளோ நாளா இதைப் பத்தியா பேசிட்டிருந்தீங்க?" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என் காதைப் பார்த்துப் பேசினார் என்று எழுதினேனே. ஓரக்கண்ணில்தான் என் முகம் தெரிந்திருக்கிறது. நேராகப் பார்த்தால் நான் இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நேற்றிலிருந்து அந்தப் புகாரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் டைப் பண்ணினது அப்படியே இருக்கிறது:

'பயனர் சொல்வது: கட்டத்தின் நடுக்கோடு வளைந்து தெரிகிறது. நடுவில் உள்ள எண் சில நேரங்களில் தெரிவதில்லை.'

டாக்டரம்மா கையில் இதை அப்படியே கொடுத்திருந்தால் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். வேறு எதையும் கேட்டிருக்க மாட்டாள். நான் பயனர் என்று எழுதியிருக்கிறேன் அக்கா. அப்பா என்று எழுதவில்லை. எத்தனையோ திரைகளில் சோதித்தேன். "அப்பா, சன்னல் கம்பி நேரா தெரியுதா, அதைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்லித்தருவது அதுதான்: வேறு இடத்திலும் இது வருகிறதா என்று பார். மற்றவர்கள் புகாருக்கெல்லாம் பார்ப்பேன். அப்பா சொன்னபோது, கோளாறு என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவர் என்னைக் குத்துகிறார் என்றுதான் தோன்றியது.

அவருக்குப் போன் பண்ண எண்ணை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்னைக் கேட்கிறாரா? ஊசி என்றைக்கு? வலிக்குமா?

தம்பி


மே 6

தம்பிக்கு,

ஊசி போட்டாயிற்று. கண்ணுக்குள்ளேயே குத்துகிறார்கள். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். அப்பா சத்தமே போடவில்லையாம். இனி மாதாமாதம் போட வேண்டும். வலது கண்ணில் இருப்பது இருக்கும், போனது வராது என்கிறாள். ஆள் நிற்பது தெரிகிறது, யாரென்று குரலை வைத்துத்தான். எழுத்து போய்விட்டது.

உன்னைத் தினமும் கேட்கிறார். "வேலை அதிகமாம்ப்பா"ன்னு நீ சொல்லச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன், கண்ணில்தான் கோளாறு என்று எப்போது தெரிந்தது என்று. மறைக்காமல் சொன்னார்.

"மொதல்ல நெஜமாவே அவன் வெச்சதாலதான்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் சன்னல் கம்பியும் வளைஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீதான் பழசு வந்தா சரியாப் போயிடும்னு சொன்னியே. அவ்ளோ உறுதியா சொன்னே. சரி, வரட்டும், பாப்போம்னு இருந்தேன்."

"வந்ததுக்கப்புறம்?"

"அதுக்காக நீ ஆளைக் கூட்டிட்டு வந்து கஷ்டப்பட்டு வெச்சே. அதுலயும் வளையுதுன்னு எப்படிச் சொல்றது? அவன்கிட்டயும் சொல்ல முடியல. ஒருவாட்டி வளையுதுன்னு சொன்னதுக்கே அவன் குரல் மாறிப் போச்சு."

நீ என்னை மன்னிக்க வேண்டாம், நானும் உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் இதில் உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. உன் பிரவுசர் மட்டம் என்று நிரூபிக்க எனக்கு அவருடைய வளைந்த கோடு தேவைப்பட்டது. அதனால் அதை வைத்துக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டரைச் சத்தமாகப் படிக்கிற மாதிரி மாற்றினேன். நூலகத்தில் பார்வை இல்லாதவர்களுக்குச் செய்து கொடுப்பதுதான், அப்பாவுக்குச் செய்வேன் என்று நினைக்கவில்லை. பழையதிலும் படிக்கும், உன்னுடையதிலும் படிக்கும். எதில் வைக்கட்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும், மஞ்சள் கதவு என்பார் என்று.

சிரித்தார். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவை சிரித்தார்.

"இனிமே எனக்கு எல்லாம் ஒண்ணுதானேம்மா. அப்ப சின்னவனோடதையே வை. அவங்க ஆபீஸ் செவுத்துல ஏதோ நம்பர் ஓடுதாமே, எறங்கிட்டே போகுதுன்னு சொல்லிட்டிருந்தான். நம்மளால ஒண்ணாவது ஏறட்டும்."

பச்சை இலையை மூலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன். அவர் கை மவுஸைப் பிடித்துக்கொண்டு பழைய கதவு இருந்த இடத்துக்கே போனது. நான் கையைப் பிடித்து நகர்த்தினேன். செய்தி படிக்க ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.

இதையும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். கண்ணு போனதாலதான் வெச்சுக்கிட்டாருன்னு நீ நினைப்பாயாம். சொல்லிவிட்டேன்.

அக்கா


மே 7

அக்காவுக்கு,

சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். லீவு கேட்க வேண்டியதில்லை. போன வாரமே எங்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு பச்சை இலையை நிறுத்துகிறார்கள். சுவரில் இருந்த டிவியை நேற்றுக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஆணி அடித்த நான்கு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. நிறுத்தினாலும் அவர் கம்ப்யூட்டரில் அது திறக்கும், அவருக்குப் படித்துக் காட்டும். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

கேட்டால், அன்றைக்குக் காலையில் நம்பரில் ஒன்று ஏறியது, தம்பி பார்த்தானாம் என்று சொல்.

சின்னவன்